கடைக்குள்ளேயே தபால் நிலையம்... உங்க ஏரியா காம்ப்ளக்ஸுக்கு ஏன் இன்னும் வரலை?

புறநகரில் இருக்கும் ஏதாவது ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸை மனசுக்குள்ள கொண்டு வாங்க. கீழ்த்தளத்தில் மெடிக்கல் ஷாப், அதை ஒட்டி ஜெராக்ஸ் கடை, மாடியில் டியூஷன் சென்டர், மூலையில் ஒரு ஏடிஎம். கூரியர் போர்டு மட்டும் இரண்டு மூன்று தொங்கும். அங்கே போய் ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்பணும் என்று கேட்டுப் பாருங்க. "போஸ்ட் ஆபீஸா? அதுக்கு பஸ் ஏறணும்" என்றுதான் பதில் வரும்.

இந்தியாவில் சுமார் 1.65 லட்சம் தபால் நிலையங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே பெரிய தபால் வலையமைப்பு நம்முடையதுதான். தமிழ்நாட்டில் மட்டும் 11,000-க்கும் அதிகம். அப்புறம் ஏன் பத்து மாடி அடுக்ககங்கள் வரிசையாக நிற்கும் புது ஏரியாக்களில் ஒரு தபால் கவுன்ட்டர் இல்லை?

இதில் இன்னொரு விஷயம், கடைக்குள்ளேயே தபால் சேவை நடத்த அஞ்சல் துறையிடமே ஒரு திட்டம் பல வருஷமாக இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர்கூட விண்ணப்பிக்கலாம். ஆனாலும் நம்ம கண்ணில் அது அதிகம் படுவதில்லை. காரணம் என்ன? கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கூரியர் இருக்கும்போது தபால் எதுக்கு?

"இந்தக் காலத்துல யார் சார் லெட்டர் போடுறாங்க?" என்று கேட்கலாம். நலம் நலமறிய ஆவல் என்று எழுதும் கடிதங்கள் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் இன்று தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களின் கையில் இருப்பது அந்த மாதிரிக் கடிதம் இல்லை.

ஒரு உதாரணம். உங்களுக்கு ஒருவர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. வழக்குப் போட வேண்டும் என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவருக்கு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு சொல்வது இது. நாள் தவறினால் அந்தக் காசோலையை வைத்து நியாயம் கேட்கும் வாய்ப்பே சிக்கலாகிவிடும். "நோட்டீஸ் எனக்கு வரவே இல்லை" என்று எதிராளி சொன்னால்? அங்கேதான் பதிவுத் தபால் கைகொடுக்கும். சரியான முகவரி எழுதி, உரிய கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. எதிராளி மறுத்தால் நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையில். கூரியர் ரசீதுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆர்டிஐ மனு போடும்போது 10 ரூபாய் கட்டணத்தைப் பலர் போஸ்டல் ஆர்டராகத்தான் கட்டுகிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் "ஸ்பீட் போஸ்ட் அல்லது பதிவுத் தபால் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். வாடகைதாரருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகார், சொத்துத் தகராறில் அண்ணனுக்கு வக்கீல் கடிதம்... இதெல்லாம் இன்னும் தபால் வழியாகத்தான் போகிறது. வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் இந்த வேலை வரும். ஆனால் வரும்போது கடைசி நாளில்தான் வரும். அன்றைக்குப் பார்த்துத் தபால் நிலையம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த 2023-ஆம் ஆண்டு சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. தபால் தலை வெளியிடும் உரிமை மட்டும் அரசிடமே இருக்கிறது. அதாவது இனி கடித விஷயத்திலும் கூரியர் கம்பெனிகளோடு அஞ்சல் துறை நேருக்கு நேர் மோத வேண்டும். மோதுகிற இடம் எது? காம்ப்ளக்ஸ். அங்கேதான் துறையின் கவுன்ட்டர் இல்லை.

புது ஏரியாவுக்குத் தபால் நிலையம் ஏன் வருவதில்லை?

பலருக்குத் தெரியாத விதி ஒன்று இதில் இருக்கிறது. கிராமத்தில் தபால் நிலையம் நஷ்டத்தில் ஓடினாலும் குறிப்பிட்ட அளவு வரை அரசு தாங்கிக்கொள்ளும். மக்கள்தொகை, தூரம், குறைந்தபட்ச வருமானம் என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு. நாட்டில் உள்ள தபால் நிலையங்களில் பத்தில் ஒன்பது கிராமத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நகரப் பகுதியில் திறக்கும் தபால் நிலையம் ஆரம்பத்திலிருந்தே தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு ஆய்வில் 5 சதவீத லாபம் காட்டினால்தான் அதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். தூரக் கட்டுப்பாடும் இருக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகரங்களில் இரண்டு தபால் நிலையங்களுக்கு நடுவே குறைந்தது 1.5 கிலோமீட்டர், மற்ற நகரங்களில் 2 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். பட்டுவாடா செய்யும் தபால் நிலையம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 கிலோமீட்டர்.

வரைபடத்தில் பார்க்கும்போது 1.5 கிலோமீட்டர் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலையும் ஒரு ரயில்வே கேட்டும் இருந்தால் அந்தத் தூரத்தை எழுபது வயசுக்காரர் எப்படிக் கடப்பார்? விதியில் சாலை வரைவது கஷ்டம்தான்.

இதோடு வாடகைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. துறையின் தபால் நிலையங்களில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடத்தில்தான் இயங்குகின்றன. அரசு நிர்ணயிக்கும் வாடகை ஒரு பக்கம், காம்ப்ளக்ஸ் ஓனர் கேட்கும் வாடகையும் அட்வான்ஸும் இன்னொரு பக்கம். இரண்டும் சந்திப்பதே இல்லை. பழைய ஏரியாக்களில்கூட ஒப்பந்தம் முடிந்ததும் "காலி பண்ணுங்க" என்று சொல்லி, தபால் நிலையம் பக்கத்து ஏரியாவோடு சேர்க்கப்படுவதைப் பார்க்கிறோம். அப்படி ஒரு முறை போனால், 1.5 கிலோமீட்டர் விதியும் லாபக் கணக்கும் திரும்பி வரும் வழியை அடைத்துவிடும்.

ஆக, புதிதாகக் கட்டப்பட்ட ஏரியா நகரம் என்பதால் கிராமத்துக்கான மானியம் இல்லை. நகரத்துக்கான லாபக் கணக்கில் தேறுவதற்குள் வாடகை ஏறிவிடுகிறது. இரண்டும் கெட்டான் நிலை.

அதுக்குத்தான் ஃப்ரான்சைஸ்

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அஞ்சல் துறை ஃப்ரான்சைஸ் திட்டத்தைக் கொண்டு வந்தது. தபால் நிலையத்துக்குத் தேவை இருக்கிறது, ஆனால் துறையே திறக்க முடியாது என்ற இடத்தில், ஏற்கெனவே கடை வைத்திருப்பவரிடம் கவுன்ட்டர் சேவையைக் கொடுப்பது. மளிகைக் கடை, ஸ்டேஷனரி கடை, பெட்டிக்கடை யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று துறையே சொல்கிறது. வட நாட்டுப் பான் கடைகளைக்கூட விதிமுறையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நீண்டகாலமாக நடைமுறையில் இருந்த விதிகளைப் பார்ப்போம். 18 வயது முடிந்திருக்க வேண்டும், 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். குறைந்தபட்ச காப்புத்தொகை 5,000 ரூபாய். ஒரு நாளில் எவ்வளவு பணம் கையாளப்படும் என்பதைப் பொறுத்து இது கூடும். உபகோட்ட அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். விண்ணப்பம் கிடைத்த 14 நாளுக்குள் கோட்டத் தலைவர் முடிவெடுக்க வேண்டும். அப்புறம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். அந்தக் கோட்டத்திலேயே வேலை பார்க்கும் அஞ்சல் ஊழியரின் குடும்பத்தினர் மட்டும் எடுக்க முடியாது.

இந்தக் கவுன்ட்டரில் தபால் தலை, கவர் வாங்கலாம். ஸ்பீட் போஸ்ட் அனுப்பலாம். 100 ரூபாய்க்குக் குறையாமல் மணியார்டர் போடலாம். அஞ்சல் ஆயுள் காப்பீட்டு முகவராகவும் அந்தக் கடைக்காரர் இருக்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிஞ்சுக்கணும். அங்கே உங்களுக்கு வரும் தபால் வராது. பட்டுவாடா முழுக்கத் துறையின் கையில்தான். கடைக்காரர் வாங்கிய கடிதங்களைத் தினமும் குறிப்பிட்ட தபால் நிலையத்தில் ஒப்படைப்பார், அங்கிருந்து போக்குவரத்து, தரம்பிரிப்பு, தபால்காரர் எல்லாம் பழைய வழியேதான். செல்வமகள் கணக்கில் பணம் கட்ட, தாத்தாவின் சேமிப்பு வட்டியை எடுக்க, ஆதாரில் செல்போன் நம்பர் மாற்ற என்று வந்தால் பெரிய தபால் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இன்றைக்குத் தபால் நிலையத்துக்குக் கூட்டம் வருவதே இந்த வேலைகளுக்குத்தான் என்பது வேறு விஷயம்.

கடைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா?

திட்டம் நல்ல திட்டம். அப்புறம் ஏன் ஊருக்கு நாலு கடை இல்லை? கமிஷன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

மேலே சொன்ன விதிமுறையில் ஒரு ஸ்பீட் போஸ்ட்டுக்குக் கமிஷன் 5 ரூபாய். மணியார்டர் 200 ரூபாய் வரை என்றால் 3.50, அதற்கு மேல் 5 ரூபாய். தபால் தலை விற்றால் 5 சதவீதம். மாதம் 1,000 கடிதத்தைத் தாண்டினால் கமிஷனில் கூடுதலாக 20 சதவீதம்.

நம்ம காம்ப்ளக்ஸில் 200 சதுர அடிக் கடை ஒன்று, மாத வாடகை 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் இந்த வாடகைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், இருக்கட்டும். ஒரு நாளைக்கு 50 ஸ்பீட் போஸ்ட் வருகிறது, மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 1,250 கடிதம். கமிஷன் 6,250 ரூபாய். ஆயிரத்தைத் தாண்டியதால் இன்னொரு 1,250. ஆகமொத்தம் 7,500. தபால் தலை மாதம் 10,000 ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய். கூட்டினால் 8,000.

வாடகைக்கே 2,000 ரூபாய் குறைகிறது. கரண்ட் பில், கம்ப்யூட்டர், இன்டர்நெட், உட்கார்ந்து வேலை செய்யும் ஆளின் சம்பளம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு கடிதத்தை எடை போட்டு, முகவரி ஏற்றி, ரசீது கொடுக்க 4 நிமிஷம் என்றால் 50 கடிதத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதனால் தபாலுக்காக மட்டும் ஒருவர் கடை திறந்தால் கைக்காசைத்தான் போட வேண்டியிருக்கும். யாருக்குக் கட்டுப்படியாகும்? ஏற்கெனவே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட்அவுட் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடைக்கு. விண்ணப்பம் பிரின்ட் எடுக்க வந்தவர் அங்கேயே கவர் வாங்கி, ஒட்டி, அனுப்பிவிட்டுப் போவார். கமிஷன் குறைவு என்றாலும் கூட்டம் வரும், மற்ற வியாபாரம் நடக்கும். துறை உண்மையிலேயே காம்ப்ளக்ஸுக்குள் வர நினைத்தால், தேட வேண்டிய ஆள் ஜெராக்ஸ் கடைக்காரர்தான். சூப்பர் மார்க்கெட் ஓனருக்கு இந்த 5 ரூபாயைவிட பிஸ்கட் ரேக் வைக்கும் இடம் லாபம்.

விதிமுறைகளும் கமிஷனும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் உங்கள் கோட்டத்தின் மூத்த கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நடப்பு விகிதத்தைக் கேட்டு வாங்கி, மேலே போட்ட மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதிவுத் தபால் என்ன ஆச்சு?

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. "பதிவுத் தபாலை ஒழிச்சுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது பாதி உண்மைதான். பெயர் போகவில்லை. ஸ்பீட் போஸ்ட் அனுப்பும்போது கூடுதலாக 5 ரூபாய் கட்டி "பதிவு" வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் முகவரியில் உள்ளவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரிடம் மட்டுமே கடிதம் தரப்படும். சேர்க்காவிட்டால் அந்த முகவரியில் இருக்கும் வேறு ஒருவர்கூட வாங்கிவிடலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புபவர்கள் கவுன்ட்டரில் இதை வாய்விட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

விலையும் மாறியது. முன்பு 20 கிராம் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப வரியோடு 25 ரூபாய் 96 பைசா. 2025 அக்டோபர் 1 முதல் அமலான கட்டணப்படி 50 கிராம் வரையிலான ஸ்பீட் போஸ்ட்டுக்கு அதே ஊருக்குள் 19 ரூபாய், வெளியூர் எங்கே என்றாலும் 47 ரூபாய். வெளியூருக்குப் பதிவு வசதியோடு அனுப்பினால் 52 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 61 ரூபாய் 36 பைசா. மெல்லிய கடிதம் அனுப்புபவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வேகம் கூடியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் பதிவுத் தபாலை நம்பியிருந்த பலருக்கு வேகம் முக்கியம் இல்லை, ரசீதுதான் முக்கியம்.

இந்த 61 ரூபாயைக் கட்ட பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ இன்னும் எவ்வளவு செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பக்கத்துக் கடையில் கவுன்ட்டர் கேட்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை என்பது புரியும்.

வெளிநாட்டில் இது ஓடுதா?

ஓடுகிறது. கனடாவில் மருந்துக்கடைச் சங்கிலிக்குள் தபால் கவுன்ட்டர் இருக்கிறது. ஜெர்மனியில் தபால் நிலையம் என்று போர்டு போட்ட இடங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கடையின் மூலைதான். ஜப்பானில் லாசன் என்ற கடைச் சங்கிலியில் 2003-லிருந்து தபால் பெட்டி உள்ளேயே இருக்கிறது.

எல்லா இடத்திலும் சுமுகமாகப் போகவில்லை. அமெரிக்காவில் 2013-ல் ஸ்டேப்பிள்ஸ் என்ற ஸ்டேஷனரி கடைகளுக்குள் தபால் கவுன்ட்டர் வைத்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர்கள் கடை ஊழியர்கள், தபால் ஊழியர்கள் இல்லை. தபால் தொழிற்சங்கம் "ஸ்டேப்பிள்ஸில் வாங்காதீர்கள்" என்று வீதிக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2017-ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நம்ம ஊரில் இந்த அளவுக்கு எதிர்ப்பு இல்லாததற்குக் காரணம், இங்கே ஃப்ரான்சைஸ் என்பது தபால் நிலையம் இல்லாத இடத்துக்கானது என்பதுதான். இருக்கும் நிலையத்தை மூடிவிட்டு அதற்குப் பதிலாகக் கடையைக் கைகாட்டினால் இங்கேயும் அதே கதைதான் நடக்கும்.

நமக்குப் பெரிய பாடம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே சுமார் 11,500 தபால் கிளைகள். பெரும்பாலானவற்றை நடத்துவது சாதாரணக் கடைக்காரர்கள். மளிகைக் கடையின் ஒரு ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் தபால் கவுன்ட்டர். இந்தியா, இலங்கையிலிருந்து போன பல குடும்பங்களும் இப்படித்தான் பிழைக்கின்றன. மக்களில் 99 சதவீதம் பேருக்கு மூன்று மைலுக்குள் ஒரு கிளை இருக்க வேண்டும் என்று அரசே நிபந்தனை வைத்திருக்கிறது. நம்ம விதி இரண்டு தபால் நிலையங்கள் நெருங்கி வரக் கூடாது என்கிறது, அவர்கள் விதி மக்களிடமிருந்து விலகிப் போகக் கூடாது என்கிறது. கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

ஆனால் அங்கேதான் ஹொரைசன் என்ற கொடுமையும் நடந்தது. 1999 முதல் கிளைகளில் பொருத்தப்பட்ட ஃபுஜிட்சு நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியது. கணக்கு உதைத்தபோது, பற்றாக்குறையைக் கடைக்காரர்தான் கட்ட வேண்டும் என்றது ஒப்பந்தம். கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்குப் பாய்ந்தது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநர் வருஷக்கணக்கில் நடத்திய போராட்டம், 2024 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகுதான் நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

கடைக்காரரிடம் அரசுப் பணத்தைக் கையாளும் வேலையைக் கொடுக்கும் எந்த நாட்டுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. கணக்கு இடித்தால் முதலில் யாரைச் சந்தேகிப்பீர்கள், மென்பொருளையா, மனுஷனையா? அஞ்சல் துறை 2025-ல் தன் கணினி அமைப்பை முழுசாக மாற்றியிருக்கிறது. புது அமைப்பு வந்த நாட்களில் கவுன்ட்டர்கள் திணறியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். துறை ஊழியர் என்றால் பின்னால் சங்கம் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னால் யாரும் இல்லை. காப்புத்தொகை மட்டும் துறையிடம் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் "பற்றாக்குறை வந்தால் விசாரணை எப்படி, முறையீடு யாரிடம்" என்ற பத்தியைத் தேடிப் படிப்பது நல்லது.

பிரிட்டனில் இன்னொரு சம்பவமும் நடந்தது. 2018-ல் அங்கே 74 பெரிய தபால் கிளைகளை டபிள்யூ.எச்.ஸ்மித் என்ற பிரபலமான புத்தக, ஸ்டேஷனரி கடைகளுக்குள் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். ஏற்கெனவே பல கவுன்ட்டர்கள் அந்தக் கடைகளில் இருந்தன. 2025-ல் அந்த நிறுவனம் தன் கடைத்தெருக் கடைகள் மொத்தத்தையும் மொடெல்லா கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கடையின் பெயர் டிஜி ஜோன்ஸ் ஆனது. உள்ளே இருந்த தபால் கவுன்ட்டர்களும் சேர்ந்தே கைமாறின. ஊர் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தபால் நிலையம் கடைக்குள் போனால், கடையின் தலையெழுத்துதான் அதற்கும். காம்ப்ளக்ஸில் வாடகை ஏறி ஜெராக்ஸ் கடை காலியானால், உங்கள் தபால் கவுன்ட்டரும் அன்றைக்கே காலி.

அதனால்தான் ஃப்ரான்சைஸ் வந்துவிட்டது என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் துறையின் தபால் நிலையத்தை மூடுவதற்கு அதை ஒரு காரணமாக ஏற்கக் கூடாது. கவுன்ட்டர் இல்லாத இடத்தில் கவுன்ட்டர் வருவது லாபம். ஓய்வூதியம், சேமிப்பு, ஆதார் வேலைகளைச் செய்யும் நிலையம் போய் அதற்குப் பதில் கவுன்ட்டர் வருவது நஷ்டம்.

உங்க ஏரியாவுக்கு வேண்டும் என்றால்?

குடியிருப்போர் சங்கம் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. எத்தனை வீடுகள், பக்கத்துத் தபால் நிலையம் எவ்வளவு தூரம், நடுவில் என்ன சாலை, இதை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் அஞ்சல் கோட்டத்தின் மூத்த கண்காணிப்பாளருக்குக் கொடுங்கள். எந்தக் கோட்டம் என்று தெரியாவிட்டால் உங்கள் பின்கோடை வைத்துத் துறையின் இணையதளத்தில் தேடலாம். வெறுமனே "தபால் நிலையம் வேண்டும்" என்று கேட்டால் 1.5 கிலோமீட்டர் விதியைக் காட்டிப் பதில் வரும். "இந்தக் காம்ப்ளக்ஸில் இந்தக் கடைக்காரர் தயாராக இருக்கிறார், ஃப்ரான்சைஸ் கொடுங்கள்" என்று ஆளோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "இங்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பப்படும்" என்று போர்டு வைத்திருக்கும் எல்லாக் கடையும் ஃப்ரான்சைஸ் இல்லை. சிலர் உங்களிடம் கவரை வாங்கி வைத்துக்கொண்டு, கூடுதலாகப் பணம் வாங்கி, சாவகாசமாகத் தபால் நிலையத்துக்குப் போய் அனுப்புகிறார்கள். அது குற்றம் என்று சொல்லவில்லை, உதவிதான். ஆனால் உங்கள் கெடு நாள் இன்று, அவர் போவது நாளை என்றால் பாதிப்பு உங்களுக்கு. பணம் கொடுத்த அந்த நிமிஷமே அஞ்சல் துறையின் அச்சிட்ட ரசீது கைக்கு வர வேண்டும். அதில் தேதி, நேரம், கட்டணம், 13 எழுத்து எண் கொண்ட கண்காணிப்புக் குறியீடு இருக்கும். ஸ்பீட் போஸ்ட் என்றால் அது 'இ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஐஎன்' என்று முடியும். அந்தக் குறியீட்டை வாங்கி, கடையை விட்டு வெளியே வரும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது என்றால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், வழக்கு அதைவிட அதிக நாள் நடக்கும்.